ஆப்பசோடாவும் வினிகரும் சிங்க் அடைப்பை எடுக்குமா? மூன்று நாள் ஏமாந்தவள் கேட்கிறேன்

மாடிவீட்டு மைதிலி | ஞாயிறு, காலை 7:10
என் நாத்தனார் குடும்பக் குழுவில் ஒரு காணொளியை அனுப்பினார். "சிங்க் அடைப்புக்கு இனி பிளம்பர் வேண்டாம். ஆப்பசோடா இரண்டு கரண்டி, வினிகர் ஒரு டம்ளர், ஐந்தே நிமிடம்." அதை நம்பி மூன்று நாள், மூன்று முறை ஊற்றினேன். பொங்கியது. பார்க்க அழகாக இருந்தது. அடங்கியது. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. மேலே இரண்டு கறிவேப்பிலை மிதந்தன. வினிகர் பாட்டில் இரண்டு காலியானதுதான் கண்ட பலன்.

நேற்று இரவு பொறுமை போய்விட்டது. சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்து, வாளியை வைத்துக்கொண்டு, குடுவை போலத் தொங்கும் அந்த பாட்டில் டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு. நெய்யும் எண்ணெயும் பாத்திரச் சோப்பும் சேர்ந்து பழைய மெழுகு போல இறுகியிருந்தன. அதற்குள் கடுகு, புளிக்கோது, என்றைக்கோ உடைந்த கண்ணாடி வளையலின் துண்டு ஒன்று. விரலை விட்டு வழித்தெடுத்தேன். பதினைந்து நிமிட வேலை. வளையல் துண்டை எந்த நுரை கரைக்கும் என்று யாராவது சொல்லுங்கள். நாத்தனாரிடம் கேட்க முடியாததால் இங்கே கேட்கிறேன்.

திருவையாற்றுக்காரன் | காலை 7:32
அம்மா, தவறாக எண்ண வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. முதலில் எதைப் போட்டீர்கள்? சோடாவா, வினிகரா? 22 வருடமாக என் வீட்டுச் சமையலறைக்குள் பிளம்பர் காலடி வைத்ததில்லை. முதலில் சோடா. உலர்ந்த சோடா அடைப்பின்மேல் போய் உட்கார வேண்டும். அதன்பிறகு வினிகர். இந்த வரிசை தெரியாதவர்கள்தான் நுரையைத் திட்டுகிறார்கள்.

மாடிவீட்டு மைதிலி | காலை 7:40
சோடாவைத்தான் முதலில் போட்டேன்.

திருவையாற்றுக்காரன் | காலை 7:43
அப்படியானால் சோடா ஈரமாக இருந்திருக்கும்.

குழாய்க்கடை | காலை 8:05
ஈரோட்டில் குழாய், ஃபிட்டிங் விற்கும் கடை நடத்துகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். எந்த அடைப்பைப் பற்றிப் பேசுகிறோம்? சிங்க் டிராப்பா, குளியலறைத் தரையிலுள்ள நானி டிராப்பா, வெளியே கழிவுநீர் சேரும் குழியான சேம்பரா? சிங்க்கில் கொழுப்பு, குளியலறையில் முடி, சேம்பரில் மண்ணும் வேரும். மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

ஓய்வுபெற்ற வேதியியல் | காலை 8:20
திருவையாற்று அன்பருக்கு. முப்பத்தோரு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். 84 கிராம் ஆப்பசோடா முழுவதும் வினைபுரிய 60 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். கடை வினிகரில் அமிலம் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு. ஆக, 1.2 லிட்டர் வினிகர். நீங்கள் ஊற்றும் ஒரு டம்ளருக்குப் பாதிச் சோடாகூடக் கரையாது. வினை முடிந்ததும் கிடைப்பது என்ன? 24 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு, மிச்சம் சோடியம் அசிட்டேட் கலந்த உப்புத் தண்ணீர். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் கொழுப்பைத் தாக்க அங்கே யார் இருக்கிறார்கள்? வாயுவோ, திறந்திருக்கும் வாய் வழியாக மேலே வந்துவிடும். அடைப்பை ஏன் தள்ளப்போகிறது?

திருவையாற்றுக்காரன் | காலை 8:31
24 லிட்டர்! அதை நீங்களே உங்கள் வாயால் ஒப்புக்கொண்டீர்கள். ஒன்றரை அங்குலக் குழாய்க்குள் 24 லிட்டர் வாயு பிறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேவையில்லை. மேல்வாயை ஈரத்துணியால் அடைக்க வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. அதற்குள் பாடம் எடுக்க வந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற வேதியியல் | காலை 8:36
1.2 லிட்டர் ஊற்றினால்தான் 24 லிட்டர். நீங்கள் ஊற்றுவது ஒரு டம்ளர்.

திருவையாற்றுக்காரன் | காலை 8:37
என் வீட்டு டம்ளரை நீங்கள் பார்த்ததில்லை.

நல்லூர்க் கிணற்றடி | காலை 9:02
எங்கள் பக்கத்தில் இதை வினாகிரி என்போம். தென்னங்கள்ளில் செய்த வினாகிரி கறிக்கு உகந்தது. அதைப் போய்க் குழாயில் ஊற்றுகிறீர்களே, வயிறு எரிகிறது.

சொல்லேர் உழவன் | காலை 9:15
வினிகரும் வேண்டாம், வினாகிரியும் வேண்டாம். காடி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது இத்தனை பேரில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லையே.

திருவையாற்றுக்காரன் | காலை 9:19
காடி என்று கேட்டால் கடைக்காரர் மாட்டுக்கடைக்கு வழி காட்டுவார். சோடா முதலில். இதைப் பேசுவோம்.

குழாய்க்கடை | காலை 9:40
எந்தச் சோடா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆப்பசோடா வேறு, சலவைச் சோடா வேறு, காஸ்டிக் சோடா முற்றிலும் வேறு. போன மாதம் ஒருவர் "சோடா போடச் சொன்னார்கள்" என்று காஸ்டிக்கை வாங்கிக் குழாயில் கொட்டி, அதன்மேல் வென்னீர் ஊற்றியிருக்கிறார். கொதித்து எகிறியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. காஸ்டிக்தான் வேண்டும் என்றால், குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போட வேண்டும். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். அது கொழுப்பைச் சோப்பாக்கும், முடியைக் கரைக்கும், உண்மைதான். உங்கள் கைத்தோலையும் கரைக்கும்.

கொதிநீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். குக்கரிலிருந்து நேராகக் கவிழ்த்தால் இணைப்பு நெகிழ்ந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். சிங்க்குக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு வளைகுழாய் இருக்கிறதே, அந்த ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பு தங்கும். அதை ஒரு நூற்றைம்பது ரூபாய்க்கு மாற்றிவிட்டால் இந்த நுரை விவகாரமே இல்லை.

திருவையாற்றுக்காரன் | காலை 9:44
ஆக, குழாய் விற்பவர் குழாயை மாற்றச் சொல்கிறார். ஆச்சரியம்.

குழாய்க்கடை | காலை 9:46
நான் வினிகரும் விற்கிறேன் ஐயா. அதில்தான் லாபம் அதிகம்.

திருவையாற்றுக்காரன் | காலை 9:58
எல்லோரும் கேளுங்கள். நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். தேங்கிய தண்ணீரை டம்ளரால் முகந்து எடுத்துவிடுவேன். நான்கு கரண்டி சோடா. பத்து நிமிடம். வினிகர். உடனே ஈரத்துணி. அரை மணி. கடைசியில் இரண்டு செம்பு வென்னீர். பிறகு பிளஞ்சரை, அதான் கைப்பிடி வைத்த ரப்பர்க் கிண்ணத்தை, வைத்து இருபது முறை அமுக்கி இழுப்பேன். சளக்கென்று ஒரு சத்தம், தண்ணீர் சுழன்று இறங்கும். 22 வருடம். நுரை தோற்றதே இல்லை.

மாடிவீட்டு மைதிலி | காலை 10:03
பிளஞ்சரா? இதை இப்போதுதான் சொல்கிறீர்களா?

ஓய்வுபெற்ற வேதியியல் | காலை 10:05
வழக்கு முடிந்தது. வென்னீர் கொழுப்பை இளக்கியது, பிளஞ்சர் அதை அசைத்தது. நுரை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

திருவையாற்றுக்காரன் | காலை 10:09
பிளஞ்சர் வெறும் துணை. நுரை அடைப்பைத் தளர்த்தாமல் விட்டால் பிளஞ்சர் என்ன செய்யும்? போன ஆடியில் தோசைக்கல் இழையில் இவர் இப்படித்தான் பேசினார். "வெங்காயம் தேய்ப்பதில் அறிவியல் இல்லை" என்றார். அடுத்த வாரமே அவர் போட்ட படத்தில் கல்லின் ஓரத்தில் பாதி வெங்காயம் இருந்தது. எனக்கு நினைவிருக்கிறது.

ஓய்வுபெற்ற வேதியியல் | காலை 10:12
அது ஊத்தப்பத்துக்கு வைத்த வெங்காயம்.

திருவையாற்றுக்காரன் | காலை 10:13
பாதி வெங்காயத்தில் ஊத்தப்பமா?

கோத்தகிரிக் குளிர் | காலை 10:30
பிளஞ்சர் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் மற்ற ஓட்டையை ஈரத்துணியால் இறுக்கி மூட வேண்டும். வாஷ்பேசினில் மேலே இருக்கும் வழிந்தோடும் துளையையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் அமுக்கும் காற்று அந்த வழியாகப் போய்விடும். ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் இருக்க வேண்டும். இது தெரியாமல் வெறும் தொட்டியில் குத்திக்கொண்டிருந்தேன், இரண்டு வருடம். எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே கட்டியாகிவிடும், 24 டிகிரிக்குக் கீழே போனால் போதும். அவியல் செய்த பாத்திரத்தைக் கழுவினால் குழாய்க்குள் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வடித்தகஞ்சி | காலை 10:52
எண்ணெயை விடுங்கள். கஞ்சியை சிங்க்கில் வடிக்கிறீர்களே, அது ஆறினால் பசை. அந்தக் காலத்தில் கழுநீர்ப் பானை ஒன்று கொல்லையில் இருக்கும். கஞ்சி, அரிசி களைந்த நீர், காய்த்தோல் எல்லாம் மாட்டுக்குப் போகும். குழாய்க்குள் போனது வெறும் தண்ணீர்தான். பிறகு எப்படி அடைக்கும்?

மாடிவீட்டு மைதிலி | காலை 10:55
மூன்றாவது மாடியில் மாட்டை எங்கே கட்டுவது?

வைகைக்கரை | காலை 11:20
கீழடியில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. மொகஞ்சதாரோவில் செங்கல்லால் மூடிய வடிகாலும், இடையிடையே வண்டல் தங்க ஒரு குழியும் இருந்தன. குழியைத் திறந்து வாரிவிடுவார்கள். நுரையும் இல்லை, வினிகரும் இல்லை.

ஓய்வுபெற்ற வேதியியல் | காலை 11:26
நாற்றத்தைத் தடுக்கும் வளைவு அங்கே இருந்ததா? லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் எஸ் வடிவ வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். உங்கள் சிங்க்குக்கு அடியில் தேங்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே விடாமல் பிடித்துவைக்கிறது.

வைகைக்கரை | காலை 11:29
எதையும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தால்தான் சிலருக்கு நிம்மதி.

சொல்லேர் உழவன் | காலை 11:31
எஸ் வடிவம் என்று எழுதியவர் ஏன் பாம்பு வளைவு என்று எழுதக் கூடாது?

பெயர்வேண்டாம்44 | காலை 11:50
எதற்கு இத்தனை பேச்சு? ப்ளீச்சிங் பவுடரைப் போட்டு, மேலே கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றுங்கள். புகை வரும், அடைப்பு போகும்.

ஓய்வுபெற்ற வேதியியல் | காலை 11:51
செய்யாதீர்கள்! யாரும் செய்யாதீர்கள். அந்தப் புகை குளோரின். முதல் உலகப் போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. கதவு மூடிய குளியலறையில் இதைச் செய்தால் நுரையீரல் வெந்துவிடும். நெறியாளர் உடனே அந்தப் பதிவை நீக்க வேண்டும்.

திருவையாற்றுக்காரன் | காலை 11:55
இதில் வாத்தியாரோடு எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: சோடா, வினிகர். யாரும் சாகவில்லை.

நெறியாளர் | நண்பகல் 12:10
44-இன் யோசனை ஆபத்தானது. எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று பதிவை அப்படியே வைத்திருக்கிறேன். தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

பெயர்வேண்டாம்44 | நண்பகல் 12:14
அப்படியானால் சேம்பரில் ஆளை இறக்கிவிட வேண்டியதுதான். ஐந்நூறு கொடுத்தால் வருகிறார்கள்.

கோத்தகிரிக் குளிர் | நண்பகல் 12:20
வெட்கமாக இல்லையா? சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்த செய்தியை நீங்கள் படித்ததே இல்லையா? உங்கள் வீட்டுக் கடுகையும் முடியையும் நீங்களே எடுங்கள்.

திருவையாற்றுக்காரன் | நண்பகல் 12:24
சரியாகச் சொன்னீர்கள். அவரவர் அடைப்பை அவரவர் எடுக்க வேண்டும். முதலில் சோடா.

மாடிவீட்டு மைதிலி | மாலை 4:15
ஒரு உதவி. டிராப்பைத் திருப்பி மாட்டியதிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நேற்று டிராப்பைக் கழற்றி வைத்த நிலையில், வாளியில் விழுந்த அழுக்குத் தண்ணீரை வழக்கம்போல சிங்க்கிலேயே கொட்டிவிட்டேன். அது நேராக என் காலில் வந்து விழுந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கடை | மாலை 4:22
வாரத்துக்கு ஒருவராவது இதைச் சொல்கிறார்கள் அம்மா. ஒழுகுவதற்குக் காரணம் வாஷர். ஒருபக்கம் சரிவாக இருக்கிறதல்லவா, மெலிந்த பக்கம் இணைப்புக்குள் போக வேண்டும். தலைகீழாகப் போட்டிருப்பீர்கள். கழற்றி, துடைத்து, திருப்பிப் போட்டுக் கையால் இறுக்குங்கள். ஸ்பேனர் வேண்டாம், பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.

திருவையாற்றுக்காரன் | மாலை 4:25
பார்த்தீர்களா? இதற்குத்தான் படித்துப் படித்துச் சொன்னேன். நுரையோடு நிறுத்தியிருந்தால் வாஷரைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

மாடிவீட்டு மைதிலி | மாலை 4:31
நுரை வேலை செய்திருந்தால் நான் ஏன் ஐயா அடியில் போய் உட்காரப்போகிறேன்?

திருவையாற்றுக்காரன் | மாலை 4:33
ஈர சோடா என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். ஆப்பசோடா பாட்டிலின் மூடியைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் | மாலை 4:40
ஈரமோ உலர்வோ, குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறது! எந்தச் சோடாவும் அங்கே ஈரமாகத்தான் ஆகும்!

திருவையாற்றுக்காரன் | மாலை 4:41
அதனால்தான் தண்ணீரை முகந்து எடுக்கச் சொன்னேன். என் பதிவைப் படிக்காமல் பதில் எழுதுகிறீர்கள். தோசைக்கல் இழையிலும் இதே கதைதான்.

புதுக்குடித்தனம் | இரவு 8:50
வணக்கம். எங்கள் குளியலறையில் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிறது. எனக்கும் மனைவிக்கும் முடி நீளம். இழை முழுவதையும் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று புரியவில்லை.

குழாய்க்கடை | இரவு 8:58
நானி டிராப்பின் சல்லடையை எடுங்கள். உள்ளே ஒரு கிண்ணம் இருந்தால் அதையும் தூக்குங்கள். கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து விட்டுச் சுழற்றினால் முடி மொத்தமாக வரும். பார்க்கச் சகிக்காது. ஆனால் வரும்.

திருவையாற்றுக்காரன் | இரவு 8:59
தம்பி, கம்பியை எல்லாம் விடாதீர்கள், தரை ஓடு கீறிவிடும். முதலில் சோடா.

ஓய்வுபெற்ற வேதியியல் | இரவு 9:00
1.2 லிட்டர்.