1966 ஹெரால்டுக்கு 18,000 ரூபாய் மதிப்புப் போடுகிறார்கள், என்ன செய்வது?

கீழக்கரை டீச்சர்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. இரண்டு கதவு வண்டி, 948 சி.சி., மதராஸில் செய்தது. 1979-ல் சங்கு வியாபாரத்தில் கையில் கொஞ்சம் காசு நின்றபோது வாப்பா செகண்ட்ஸில் வாங்கினார்கள். வாப்பா மௌத்தாகி எட்டு மாதம் ஆகிறது. காக்கா (அண்ணன்) ஷார்ஜாவில் இருப்பதால் வண்டியைப் பார்த்துக்கொள்வதும் ஓட்டுவதும் இப்போது நான்தான். வியாழக்கிழமை சாயங்காலம் உம்மாவை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவது வாப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியில்தான். வேறு வண்டியில் ஏற உம்மாவுக்கு மனசு வருவதில்லை.

இடையில் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து வண்டியை ரோட்டில் இறக்கவில்லை, செட்டுக்குள் ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி. ஆன்லைனில் புதுப்பிக்க உட்கார்ந்தால் மாடல் பட்டியலில் ஹெரால்டு என்ற பெயரே வரவில்லை. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். "தேர்டு பார்ட்டி மட்டும் போடுங்க மேடம், இந்த வண்டிக்கு அது போதும்" என்றார். அது நாம் இடித்து அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டும்தான். இல்லை, நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து முழு பாலிசி வேண்டும் என்று நான் நின்றதும் போனில் யாரிடமோ கேட்டுவிட்டு, வண்டியின் மதிப்பு 18,000 ரூபாய் என்றார். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் அதைவிடக் கூடக் கிடைக்கும்.

கடைசி ஆறு வருடத்தில் இந்த வண்டிக்கு 2,80,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. பில் எல்லாவற்றையும் வாப்பா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள், கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதன் மேல் பாடியைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதனால் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். ஆனால் அந்த இணைப்புகள் ஒவ்வொன்றிலும் உப்புக்காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். வாடைக் காலத்தில் ராத்திரி மூடிவைத்த வண்டியைக் காலையில் விரலால் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் உவர். அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். அதற்காக வாப்பா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குடம் நல்ல தண்ணீரை வண்டிக்கென்று தனியாக எடுத்துவைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பார்கள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்கிய நாட்களிலும் அந்த ஒரு குடம் நின்றதில்லை. இப்படி வைத்திருந்த வண்டிக்கு 18,000 என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் முக்கு ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ ரிவர்ஸ் வந்து பின் மட்கார்டில் இடித்துவிட்டது. மதுரையில் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 16,000 ஆனது. அப்போது இருந்தது தேர்டு பார்ட்டி மட்டும்தான், முழுவதும் கைக்காசு. அதனால்தான் இந்த முறை முழு பாலிசி கேட்கிறேன்.

சரியான மதிப்புக்கு பாலிசி வாங்க வழி உண்டா? 'விண்டேஜ்' என்று பதிந்தால் பிரீமியம் பாதி என்று ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? ஆர்.சி. இன்னும் வாப்பா பெயரில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு சர்வேயர் (ஓய்வு)

டீச்சர், முதலில் ஆர்.சி.யை முடியுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் அவர் பெயரிலுள்ள பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் செல்லும். உங்களுக்கு இரண்டும் தாண்டிவிட்டன. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்து படிவம் 31-ல் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்ற மனுக் கொடுங்கள். வண்டியை வெளியே எடுக்காமல் வைத்திருப்பது நல்ல காரியம். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. அபராதத்தை விடுங்கள், யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

விண்டேஜ் விஷயத்தில் ஏஜென்ட்டுகளே குழம்புகிறார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம். இன்சூரன்ஸ்காரர்களின் 2002 டாரிஃப் விதியில் விண்டேஜ் என்றால் 31.12.1940-க்கு முன் தயாரான கார். விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்று தர வேண்டும். அந்தக் கார்களுக்கு மட்டும்தான் 'இவ்வளவு மதிப்பு' என்று முன்கூட்டியே பேசி முடித்து, வண்டி முழுதாகப் போனால் தேய்மானம் கழிக்காமல் அந்தத் தொகையைத் தரும் பாலிசி உண்டு. உங்கள் ஹெரால்டு 1966, அதில் வராது. போக்குவரத்துத் துறை 2021-ல் கொண்டுவந்த விதி வேறு. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் பழைய உருவத்திலேயே இருந்தால் விண்டேஜ் என்று பதியலாம். அதில் நீங்கள் வருவீர்கள். அப்படிப் பதிந்த காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் பாதி என்பது 2022 முதல் உண்மைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சி.சி.-க்குள் உள்ள காருக்கு 2022-ல் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். பாதி என்றால் வருடத்துக்கு 1,047 மிச்சம். விண்டேஜ் பதிவுக் கட்டணமோ 20,000, பத்து வருடம் செல்லும். அதைவிடப் பெரிய விஷயம், அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல், பராமரிப்பு மாதிரியான காரியத்துக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அம்மாவை வாராவாரம் ஏர்வாடிக்குக் கூட்டிப்போக முடியாது.

இனி மதிப்புக்கு வருகிறேன். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும் உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பு, என்பது கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. 18,000 என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதற்குச் சம்மதித்துவிடாதீர்கள், காரணம் சொல்கிறேன். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டம் என்று கணக்காகும். 18,000-க்கு 75 சதவீதம் 13,500. உங்கள் பின் மட்கார்டு வேலையே 16,000 ஆகியிருக்கிறது. அதே இடி இந்த பாலிசியில் விழுந்தால் ஓடுகிற வண்டியை முழு நஷ்டம் என்று எழுதி, 18,000-ஐ வைத்துக் கணக்கை முடித்துவிடக்கூடும். நான் வேலையில் இருந்தபோது நல்ல நிலையிலிருந்த இரண்டு அம்பாசிடர்கள் இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

உரிமம் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்கள். பிஸ்கட் டின்னில் உள்ள பில்கள், நாலு பக்கமும் அடிப்பக்கமும் எடுத்த போட்டோக்களைச் சேர்த்து, ஆன்லைனை விட்டுவிட்டு, அரசு கம்பெனி ஒன்றின் கிளைக்கு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் கொடுத்தால் எழுத்தில்தான் பதில் தர வேண்டும்.

ஒன்றைத் தெரிந்தே வாங்குங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்து அதில் பாதி கழிப்பார்கள், கூலிக்குக் கழிவு கிடையாது. உங்கள் 16,000-ல் இரும்பு 6,000, டிங்கர் கூலி 6,000, பெயின்ட் 4,000 என்று வைத்தால் 3,500 கழியும், கட்டாயப் பிடித்தம் 1,000 போகும், 11,500 கைக்கு வரும். துரு பிடித்ததற்கு எந்த பாலிசியிலும் ஒரு பைசா கிடையாது. அதற்கு உங்கள் வாப்பாவின் அந்த ஒரு குடம் தண்ணீர்தான்.

தங்கச்சிமடம் ஃபியட்

தங்கச்சி, சர்வேயர் அய்யா சொன்னதோடு மழைத் தண்ணீர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது 1969 ஃபியட் 1100. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த அடுத்த வருடம் அப்பா மதுரையில் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த வண்டி.

2024 நவம்பர் 20 மழை ஞாபகம் இருக்கும். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் வண்டியின் சீட் வரைக்கும் ஏறியது. வடிந்ததும் என் மருமகன் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். வெள்ளச் சேதத்துக்கு முழு பாலிசியில் பணம் உண்டு. ஆனால் தண்ணீர் ஏறிய இன்ஜினை நாமே சுற்றவிட்டு அது உடைந்தால், அது பின்னால் நாமாக வரவழைத்த சேதம் என்று தள்ளிவிடுவார்கள். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு சேர்த்து வண்டியைப் போட்டோ எடுத்தேன், அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொன்னேன், டிராக்டர் வைத்து இழுத்துப்போய் மண்டபத்தில் போட்டேன். மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். முதலில் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள், சுவர்க் கோட்டுப் போட்டோதான் கைகொடுத்தது.

விண்டேஜ் பதிவு பற்றி நானும் யோசித்தேன். பதியவில்லை. வண்டி ஓடினால்தான் வண்டி. பழைய நம்பர் போய்விடுமோ என்ற பயத்தில் தயங்காதீர்கள். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், 'வி.ஏ.' வரிசை புதிதாகப் பதிகிறவர்களுக்குத்தான்.

அப்புறம், ஆட்டோமொபைல் அசோசியேஷன் உறுப்பினர் என்றால் சொந்தச் சேத பிரீமியத்தில் 5 சதவீதம் குறைப்பார்கள், அதிகபட்சம் 200 ரூபாய். சின்னத் தொகைதான், கேட்டு வாங்குங்கள்.

உச்சிப்புளி டிங்கர்

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் சேஸிஸ் நம்பரின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார். நம்ம கடற்கரை வண்டியில் அந்த நம்பரே துருவில் கரைந்துபோயிருக்கும், அங்கேதான் சிக்கல் வரும். ஆள் வருமுன் பாருங்கள் அக்கா. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி மேலே போட்டு வைத்து, காலையில் பழைய டூத் பிரஷால் மெல்லத் துலக்குங்கள். அச்சு எடுத்து முடிந்ததும் கிரீஸ் தடவி விடுங்கள்.

கீழக்கரை டீச்சர்

பதில் எழுதிய எல்லாருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

காக்காவின் சம்மதக் கடிதம் வந்து சேரத்தான் நாள் பிடித்தது. ஆர்.சி. இப்போது என் பெயரில் வந்துவிட்டது. விண்டேஜ் பதிவு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மதிப்பீட்டு அறிக்கையில் 2,40,000 என்று எழுதினார்கள். அதையும் டின்னோடு பில்களையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர், "இவ்வளவு பழைய வண்டிக்கா?" என்று தயங்கினார். கடிதத்தைக் கொடுத்து, மேலே தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். பத்தாம் நாள் மேலாளரே கூப்பிட்டு 2,25,000-க்கு ஒத்துக்கொண்டார். ஓன் டேமேஜ் (சொந்தச் சேதம்), தேர்டு பார்ட்டி, ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து 9,800 சொச்சம். 75 சதவீதக் கணக்கு இப்போது 1,68,750-க்குப் போய்விட்டது. ஒரு மட்கார்டு இடியில் வண்டியை இழக்க வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் சின்ன வயசுப் பையன். ஹெரால்டின் பானட் முன்பக்கமாக முழுசாகக் கவிழ்ந்து திறந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். டிங்கர் தம்பி சொன்னபடி மண்ணெண்ணெய்த் துணியோடு முந்தின ராத்திரியே போனேன். அதற்கு வேலையே இருக்கவில்லை. சேஸிஸ் நம்பர் தகட்டின் மேல் கிரீஸ் கெட்டியாகப் பூசியிருந்தது. அதன் மேல் ஒரு சைக்கிள் டியூப் துண்டை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். நான் அதை முன்னால் பார்த்ததே இல்லை. டியூபை உரித்துத் துடைத்ததும் எழுத்து நேற்று அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பையனிடம் கேட்டு இன்னொரு பேப்பரிலும் அச்சு எடுத்துத் தரச் சொல்லி, பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். டியூபைத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

போன வியாழக்கிழமை உம்மாவோடு ஏர்வாடி போய் வந்தோம். முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்துப்போய் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. வாடை தொடங்குமுன் மாற்ற வேண்டும். ஹெரால்டுக்குப் பொருந்துகிற பீடிங் மதுரையிலோ திருச்சியிலோ எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரியுமா?