கார்டிசால் குறைவுக்கு ஹார்மோன் மாத்திரை தரும் மருத்துவர் எங்கே கிடைப்பார்?

கேள்வி (செஞ்சிப் பக்கத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 36. ஓராண்டாக அவர் உடம்பில் தெம்பு என்பதே இல்லை. தெருக்குழாயில் பிடித்த ஒரு குடம் தண்ணீரை வீடு வரை கொண்டுவர முடியாமல், பாதி வழியில் யார் வீட்டுத் திண்ணையிலாவது இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுகிறார். எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பசி இல்லை, காலையில் குமட்டல், எடையும் 51 கிலோவிலிருந்து 44 ஆகிவிட்டது.

பரிசோதனையில் காலை 8 மணிக் கார்டிசால் (சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகளில் ஊறும் ஹார்மோன்) 2.6 மைக்ரோகிராம், சோடியம் 127, தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 0.5, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். 2.3 என்று வந்திருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர், தைராய்டு குறைவு என்று சொல்லித் தைராக்சின் 50 கொடுத்தார். அதைச் சாப்பிடத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து வாந்தி அதிகமாகிவிட்டது. கார்டிசாலைக் காட்டிக் கேட்டதற்கு, “அதற்கு ஸ்டீராய்டுதான் கொடுக்க வேண்டும், இந்த வயதில் அது வேண்டாம்” என்றார். இரண்டாமவர் மனச்சோர்வு என்று முடித்துவிட்டார். மூன்றாவதாக ஓர் இயற்கை நல மையத்தில் ‘அட்ரினல் களைப்பு’ என்று சொல்லி, எச்சில் பரிசோதனையும் மூன்று மாதப் பொடியும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். ஹார்மோன் சிகிச்சை தர மனமுள்ள மருத்துவர் யாரிடம் போக வேண்டும்? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (வேலூரிலிருந்து)

தம்பி, என் அப்பாவுக்கு, அட்ரினல் சுரப்பிகள் பழுதாகிக் கார்டிசால் சுரக்காமல் போகும் அடிசன் நோய் இருந்ததால் இந்த அலைச்சல் எனக்கும் தெரியும். இளம் வயதில் அவருக்கு வந்த காசநோய் அட்ரினல் சுரப்பிகளை அரித்திருந்தது. 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் இந்த நோயை முதலில் விவரித்தபோதே காசநோய்தான் அதற்குப் பெரிய காரணமாக இருந்தது. அப்பாவின் உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுத்துப்போனதை வெயிலின் வேலை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

ஸ்டீராய்டு என்றதும் மருத்துவர்கள் தயங்குவதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூட்டு வலிக்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கி, முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து வருகிறவர்களை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அப்படி விழுங்கியவர் திடீரென்று நிறுத்தினாலும் கார்டிசால் இப்படித்தான் அடிமட்டத்துக்குப் போகும். ஆகவே அக்கா எப்போதாவது பெயர் தெரியாத வலி மாத்திரை, ஆஸ்துமா மருந்து, தோலுக்கு வீரியமான களிம்பு என்று நெடுநாள் எதையாவது எடுத்தாரா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேட வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். பெயர்ப்பலகையில் சர்க்கரை நோய் நிபுணர் என்று இருந்தால் மட்டும் போதாது, எம்.டி.க்குப் பிறகு டி.எம். எண்டோகிரைனாலஜி முடித்திருக்கிறாரா என்று பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்களுக்குப் புதுச்சேரி பக்கம்.

மறுமொழி (பொது மருத்துவர் ஒருவர்)

மருத்துவரைத் தேடுவது இருக்கட்டும், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோடியம் 127, வாந்தி, காலைக் கார்டிசால் 3க்கும் கீழே. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது முன்பதிவுக்குக் காத்திருக்கக் கூடாது. இன்றே ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராக்சின் தொடங்கிய பிறகு வாந்தி கூடியது என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். தைராக்சின் உடம்பில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். இரண்டும் குறைவாக உள்ளவருக்குக் கார்டிசாலை முதலில் ஈடுசெய்துவிட்டுத்தான் தைராய்டுக்கு மருந்து தொடங்க வேண்டும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது, அந்தத் தைராய்டுக் கணக்கு. டி4 இவ்வளவு குறைந்திருந்தால் டி.எஸ்.எச். எகிறியிருக்க வேண்டும். அது 2.3இல் நிற்கிறது என்றால் பழுது கழுத்தில் இல்லை, தலைக்குள் இருந்து தைராய்டையும் அட்ரினலையும் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கலாம். அதனால் கேட்கிறேன்: அக்காவுக்குப் பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டதா? குழந்தைக்குத் தாய்ப்பால் சுரந்ததா? மாதவிடாய் மீண்டும் வந்ததா? கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவரா என்பதையும் சொல்லுங்கள். அந்த நஞ்சும் பிட்யூட்டரியைப் பாதிப்பதுண்டு.

‘அட்ரினல் களைப்பு’ என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய் அன்று. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு 58 ஆய்வுகளை அலசி, அதற்கு ஆதாரமில்லை என்றே முடிவு சொன்னது. களைப்போடு வருகிற எல்லாருக்கும் கார்டிசால் கொடுத்துவிட முடியாது. கார்டிசால் 8, 10 என்று நடுவாந்தரமாக இருந்தால், அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசி போட்டுச் சுரப்பி எழும்புகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்போம். உங்கள் அக்காவின் நிலை அப்படிப்பட்டதன்று. பொடிக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேட்டவர்

ஐயா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பால் ஒரு சொட்டும் சுரக்கவில்லை. பூண்டும் சுறாமீனும் வைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க மனமில்லாதவள் என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். மாதவிடாயும் அதன்பின் வரவில்லை. ரத்தம் குறைவாக இருப்பதால் வரவில்லை என்று சொன்னதை நாங்களும் நம்பிவிட்டோம். பாம்பு கடித்ததில்லை. வண்டிக்குச் சொல்லிவிட்டேன், கிளம்புகிறோம்.

மறுமொழி (திருச்சியிலிருந்து)

தம்பி, எனக்கும் இதே கதைதான். இதற்கு ஷீஹான் நோய்க்குறி என்று பெயர்; 1937இல் இதை விவரித்த மருத்துவரின் பெயர் அது. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும். பெரும் ரத்தப்போக்கில் அதற்குப் போகும் ரத்தம் குறைந்தால் சுரப்பியின் பகுதி அழிந்துவிடுகிறது. பால் சுரக்காததுதான் முதல் அடையாளம். அது எனக்குத் தெரியவர பதினோரு ஆண்டுகள் ஆயின. தயவுசெய்து அக்காவிடம், பால் வராதது அவர் குற்றம் அன்று என்று முதலில் சொல்லுங்கள். எனக்கு அதை ஒரு மருத்துவர் சொன்ன அன்று, மாத்திரைச் சீட்டைக்கூட வாங்காமல் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

நான் ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலேதான், மருந்தாக வரும்போது இந்தப் பெயர்) காலை எழுந்ததும் 10 மில்லிகிராம், மதியம் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். இது உடம்பு தானே சுரக்க வேண்டியதை ஈடுகட்டும் அளவுதான், வலிக்குத் தரும் பெரிய அளவு அன்று. ஆறு ஆண்டுகளில் முகம் உப்பவும் இல்லை, சர்க்கரை வரவும் இல்லை. அக்காவின் அளவை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கூட்டிக்கொள்ள வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டாக வேண்டும். ஒரு நாள்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டவர் (பன்னிரண்டு நாள் கழித்து)

அன்று இரவே சேர்த்துக்கொண்டார்கள். ஊசியும் சலைனும் ஏறிய மறுநாள் காலை, அக்கா தாமாகவே இட்லி கேட்டார். ஓராண்டில் அவர் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய இடம் ஏறக்குறையக் காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். நிறுத்திய தைராக்சினை ஒரு வாரம் கழித்துக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். பால் விஷயத்தை மாமியார் முன்னிலையிலேயே மருத்துவரைச் சொல்லச் சொன்னேன், சொன்னார்.

இன்னும் ஒரு சிக்கல். எங்கள் ஊர்க் கடைகளில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இல்லை, ஊசிதான் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

மறுமொழி (திருச்சியிலிருந்து)

இங்கும் அப்படித்தான். ஊசி ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தேவைப்படுவதால் எல்லாக் கடையிலும் இருக்கும், மாத்திரையைத்தான் சொல்லி வரவழைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். கையில் பதினைந்து நாளைக்குக் கீழே வந்தால் அடுத்ததற்குச் சொல்லிவையுங்கள். ஒருவேளை கிடைக்காமலே போனால் அந்த நாட்களுக்குப் பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு மாத்திரை எவ்வளவு எடுப்பது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு ஊசிக் குப்பிகளை வீட்டில் வைத்துக்கொண்டு, போடத் தெரிந்த செவிலியர் யார் வீட்டுக்கு அருகில் இருக்கிறார் என்று பார்த்து வையுங்கள். அக்காவின் பணப்பையில், ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாத நோயாளி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.