கடற்கரை ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்கி ஏமாறுவது எங்கே? – புனைபெயரில் நால்வரின் அனுபவப் பகிர்வு

உப்புக்காற்று:

விளம்பரப் படத்தில் பச்சைநீலக் கடல். போய் நின்றால் கலங்கிய தண்ணீர், கரையெல்லாம் குப்பை, குழந்தையைக் காலை நனைக்கக்கூட விடாத அலை. இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றை ரிசார்ட்டின் தலையில் போடுவதைவிட, புக் செய்த மாதத்தின் தலையில் போடுவதுதான் நியாயம். காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும், அந்தக் கரை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது – இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்காவிட்டால் ஐந்து நட்சத்திரமும் கைகொடுக்காது.

தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுகெட், கிராபி இருக்கும் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று முகத்தில் அடிக்கும். வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமுயில் மழை உச்சம் அக்டோபருக்கு மேல், டிசம்பர் வரை. நாடு ஒன்று, காலண்டர் இரண்டு. பாலியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்று குட்டா பக்கக் கரையில் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து கொட்டும். கரீபியனில் 2011-இலிருந்து சர்காசம் என்ற பழுப்புப் பாசி தொல்லை. மெக்சிகோவின் யுகடான் கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மேடு மேடாக ஒதுங்கும். அழுக ஆரம்பித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். விடிகாலையில் ஆள் போட்டு வாரினாலும் மதியத்துக்குள் திரும்ப ஒதுங்கிவிடும். அங்கே ஊழியர்களைத் திட்டிப் பயனில்லை.

அடுத்தது கடல் மட்டத்தின் ஏற்றமும் வற்றமும். பவளத்திட்டு உள்ள கரைகளில் வற்றத்தின்போது தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கி, கூர்மையான பாறையும் கடல் முள்ளெலியும் வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது இன்னும் அதிகம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காலை 10 மணிக்கு வற்றம் என்றால், நான்கு நாள் கழித்து அது மதியம் ஒன்றேகாலைத் தாண்டித்தான். தங்கும் நாட்களுக்கான ஓத அட்டவணையை (ஏற்ற, வற்ற நேரங்களின் பட்டியல்) இணையத்தில் பார்த்துவிட்டு, குழந்தைகள் குளிக்கும் நேரத்தை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கீழ்த்தளம் (ரிசார்ட் பராமரிப்புப் பிரிவு):

அறையைப் பற்றி வரும் புகாரில் முதலிடம் புழுங்கல் வாடைக்கு. வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று பட்டால் வியர்க்கும். ஏசியை 16-இல் வைத்துவிட்டு, கடல் காற்று வரட்டும் என்று பால்கனிக் கதவையும் திறந்து போட்டால் சுவர், கண்ணாடி, மெத்தை விரிப்பு எல்லாம் ஈரம் கோக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தடவிப் பாருங்கள். கருப்புப் பூஞ்சை முதலில் பிடிக்கும் இடம் அதுதான். கதவைச் சாத்தி 24 அல்லது 25-இல் தொடர்ந்து ஓட விடுவதே சரி. ஏசியில் ஈரத்தை எடுக்கும் ட்ரை மோடு இருந்தால் முதல் இரண்டு மணி நேரம் அதில் ஓடட்டும்.

சாவி அட்டையை உருவினால் மின்சாரம் நிற்கும் அறைகளில் இன்னொரு சிக்கல். காலையில் கடலுக்குப் போனவர்கள் மாலையில் திரும்பும்போது, உள்ளே காயப்போட்ட ஈரத் துணியும் சேர்ந்து அறை ஆவிப்பெட்டிபோல ஆகியிருக்கும். ஈர நீச்சல் உடையை அறைக்குள் காயப்போடாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் ஏசியை மட்டும் 26-இல் ஓடவிட முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் செய்து தருவார்கள்.

குளியலறையில் சாக்கடை நாற்றமா? உடனே அறை மாற்றச் சொல்ல வேண்டாம். பல நாள் ஆள் இல்லாத அறையில் தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போய், குழாய்க்குள் இருக்கும் வாடை நேரே மேலே வரும். ஒரு வாளித் தண்ணீரை வடிகாலில் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். வாடை போய்விட்டால் பிரச்சினை அவ்வளவுதான். போகாவிட்டால் குழாயில் கோளாறு. அப்போது மாற்றச் சொல்லுங்கள்.

சுடுதண்ணீர் பற்றி ஒரு கணக்கு. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி வரை காய்ந்த தண்ணீரை, 27 டிகிரி குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது சுமார் 38 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஊற்றும் ஷவரில் அது ஐந்து நிமிடம்கூட வராது. நான்கு பேர் குடும்பத்தில் மூன்றாவது ஆள் வரும்போது பச்சைத் தண்ணீர்தான். எல்லாரும் கடலிலிருந்து திரும்பும் மாலை 6 முதல் 8 வரை அழுத்தமும் குறையும். அதற்கு முன்பே குழந்தைகளைக் குளிக்க வைத்துவிடுங்கள்.

சின்னக் குழந்தை இருந்தால் பால்கனிக் கம்பியைக் கட்டாயம் பாருங்கள். இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தரைத்தள அறை கேளுங்கள். இதில் மட்டும் சமாதானமே வேண்டாம்.

சாவிக்கொத்து (முன்பதிவுப் பிரிவு):

சண்டை வரும் இடம் பெரும்பாலும் அறையின் பெயர்தான். சீ வியூ என்றால் அறையிலிருந்து கடல் தெரியும், எவ்வளவு தூரத்தில் என்று யாரும் சொல்லவில்லை. பார்ஷியல் சீ வியூ என்றால் பால்கனியில் ஓரமாகச் சாய்ந்து பார்க்க வேண்டும். பீச் ஆக்சஸ் என்று போட்டிருந்தால் நடுவில் ரோடு இருக்கலாம். பீச் ஃப்ரண்ட் என்று எழுதியிருந்தாலும் சாட்டிலைட் மேப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் அதுவும் தெரியும், ஆனால் அந்தப் படம் எடுத்த தேதியையும் கவனியுங்கள்.

குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கே: கனெக்டிங் ரூம் என்றால் இரண்டு அறைக்கும் நடுவே உள்கதவு உண்டு. அட்ஜாயினிங் என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான். புக்கிங் செய்யும்போது 'ஸ்பெஷல் ரிக்வெஸ்ட்' பெட்டியில் எழுதியது வேண்டுகோள் மட்டும், உறுதி கிடையாது. ரிசார்ட்டிடமிருந்து மெயிலில் "கனெக்டிங் அறை உறுதி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு குழந்தைகள் அனுமதி என்று இருந்தாலும் மூன்றாவது, நான்காவது கட்டில் உண்டா, மடக்குக் கட்டிலா, சோபாவா, கூடுதல் கட்டணமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். குழந்தையின் வயதை செக்-இன் நாளன்று கணக்கிடுவார்கள். புக் செய்த நாளுக்கும் அதற்கும் நடுவில் பிறந்தநாள் வந்து 12 முடிந்தால் கட்டணமே மாறிவிடும்.

ஹாஃப் போர்டு என்றால் பெரும்பாலும் காலை, இரவு உணவு மட்டும். இரவுச் சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக பில் வரும் இடங்கள் உண்டு. தனித் தீவு ரிசார்ட்டில் மதியத்துக்கு வெளியே போய்ச் சாப்பிட வழியே கிடையாது என்பதால், இதை ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

மாலத்தீவில் கடல் விமானத்தில் போக வேண்டிய தீவு என்றால் அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் வந்து இறங்கினால் அன்றிரவு மாலே பக்கம் தங்க வேண்டிவரும். ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கட்டிய பணமும் போய்விடும்.

தண்ணித்தொட்டி:

நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். அந்த வாடை வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனுடையது. வேலை செய்ய வேண்டிய குளோரின் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் எனும் அமில-கார அளவு 7.2 முதல் 7.8 இருந்தால் நல்லது. இவற்றை அளக்கும் சோதனைப் பட்டைகள் விலை அதிகமில்லை, ஒரு பாக்கெட் கொண்டு போகலாம். பட்டை இல்லையென்றால், ஆழமான முனையில் நின்று அடியில் இருக்கும் வடிகால் மூடியைப் பாருங்கள். அதன் கம்பிகள் தெளிவாகத் தெரியாவிட்டால் குழந்தையை இறக்காதீர்கள். மூடி உடைந்திருந்தாலும் அப்படியே. உறிஞ்சும் விசையில் முடியோ கையோ மாட்டிக்கொள்ளும்.

பஃபேயில் சூடானது 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். மூடியைத் தூக்கினால் ஆவி வராத பாத்திரம், பனிக்கட்டி உருகித் தண்ணீரில் மிதக்கும் கடல் உணவுத் தட்டு – இரண்டையும் தள்ளி வையுங்கள். திறந்தவுடன் போய்ச் சாப்பிடுவது பாதுகாப்பு. ஓஆர்எஸ் பொட்டலம் பையில் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் விடாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியான அளவு குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

சாவிக்கொத்து:

புகார் சொல்வது எப்படி என்று யாரும் எழுதவில்லை. கிளம்பும் நாள் காலையில் ரிசப்ஷனில் கத்துவதால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் சரிசெய்ய அவர்களுக்கு நேரமே கொடுக்கவில்லை. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அறையைச் சுற்றிப் பாருங்கள்: ஏசி சொட்டுகிறதா, மெத்தை ஓரத் தையலில் மூட்டைப்பூச்சியின் கருப்புப் புள்ளி உண்டா, ஃப்ளஷ் வேலை செய்கிறதா. பிடிக்காவிட்டால் எதையும் தொடாமல் கீழே வந்து மாற்றிக் கேட்டால் உடனே செய்வார்கள். பயன்படுத்திய அறையை மறுபடி சுத்தம் செய்ய ஆள் வேண்டும், தயங்குவார்கள்.

அன்று காலி அறை இல்லை என்றால், மறுநாள் காலை 11 முதல் மதியம் 2 வரைதான் நேரம். பழையவர்கள் காலி செய்து, புதியவர்கள் வருவதற்கு முன் இருக்கும் இடைவெளி அது. முந்தின இரவே டியூட்டி மேனேஜரிடம் சொல்லி வைத்து, பேசியதை நாலு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள்: அறை எண், கோளாறு, சொன்ன நேரம், என்ன வேண்டும். "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று விடாமல், "அறை மாற்றம், இல்லையென்றால் இன்றைய இரவுக்கான தொகை" என்று கேளுங்கள்.

பணம் யாரிடம் போனது என்பதும் முக்கியம். புக்கிங் தளத்திடம் முழுப் பணத்தையும் கட்டியிருந்தால் ரிசார்ட்டால் நேரடியாகத் திருப்பித் தர முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார்) போடலாம், ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 120 நாள். தங்கியிருந்தபோதே எழுத்தில் புகார் கொடுத்த சான்று இல்லாவிட்டால் அங்கேயும் எடுபடாது.

உப்புக்காற்று:

சாவிக்கொத்து சார் சொன்னதில் ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பூச்சி விஷயத்தில் அறை மாற்றம் போதாது. மூட்டைப்பூச்சி என்றால் ஒட்டினாற்போல இருக்கும் பக்கத்து அறையோ நேர் மேலே, கீழே உள்ள அறையோ வேண்டாம். வேறு கட்டடத்தில் கேளுங்கள். பெட்டியைக் கம்பளத்தில் வைக்காமல் குளியலறைத் தரையில் வையுங்கள்.

கொடி பற்றியும் ஒரு வரி. சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக இருந்தால் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதி, இரண்டு சிவப்பு என்றால் இறங்கவே கூடாது, ஊதா என்றால் ஜெல்லி மீன் மாதிரி ஏதோ இருக்கிறது. கொடிக்கம்பமே இல்லாத ரிசார்ட் கரையில், அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் குறுகிய பட்டையைப் பார்த்தால் குழந்தைகளை அங்கே கூட்டிப் போகாதீர்கள். உள்ளிழுக்கும் நீரோட்டம் ஓடும் வழி அதுதான்.