விக்டோரியா அரை அணா நீலம்: யானைத்தலை நீர்க்குறி தெரியவில்லை, உதவி தேவை

வணக்கம். விக்டோரியா ராணி தலை போட்ட பிரிட்டிஷ் இந்தியா அரை அணா ஸ்டாம்ப் நான்கு உள்ளன. நான்கும் முத்திரை விழுந்தவை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றில் மட்டும் யானைத்தலை நீர்க்குறி (காகிதம் செய்யும்போதே பதியும் உருவம்) மங்கலாகத் தெரிகிறது. மற்ற மூன்றும் நீர்க்குறி இல்லாத பழைய அச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா? அவற்றில் ஒன்று பச்சை கலந்த நீலம். ஐந்தாம் ஜார்ஜ் ஒன்றரை அணா, ரோஸ் நிறத்தில் இரண்டும் உள்ளன. அவை ஒரே வகைதானா?

பதில் 1
நண்பரே, நீர்க்குறிக்குப் போகும் முன் எழுத்தைப் படியுங்கள். 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்றிருந்தால் பழையது. 1882-இல் 'ஈஸ்ட்' போய் 'இந்தியா போஸ்டேஜ்' ஆனது, நீர்க்குறியும் நட்சத்திரமாக மாறியது. உங்கள் பச்சை கலந்த நீலம் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். துளை அளவுகோலை எடுக்க வேண்டாம், எல்லாமே 14 துளைதான் (ஓரத்தில் 2 செ.மீ.க்கு 14).

யானைத்தலை தெரிந்ததை விட்டால், மீதி இரண்டும் 1856 முதல் வந்த நீர்க்குறியற்ற அச்சா, 1865 முதல் வந்த யானைத்தலையா என்பதுதான் கேள்வி. முத்திரை மை கனமாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தை நம்ப முடியாது. பின்னால் ஹிஞ்சுத் துண்டு (ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சிறு காகிதம்) ஒட்டியிருந்தால் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து எடுத்து, நன்றாக உலர விடுங்கள். பிறகு கருப்புத் தட்டில் முகம் கீழே இருக்கும்படி வைத்து, லைட்டரில் ஊற்றும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். காகிதம் மெலிந்த இடத்தில் தட்டின் கருப்பு தெரியும், அதுவே நீர்க்குறியின் கோடு. நனையும் கணத்திலும் காயும் கணத்திலும்தான் தெளிவாகத் தெரியும், கண்ணை எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேட்டவர்
செய்தேன், நன்றி. பச்சை கலந்ததில் 'இந்தியா போஸ்டேஜ்' என்றே இருக்கிறது, நட்சத்திரமும் வந்தது. இன்னொன்றில் மூலையில் வட்டமாகக் கருப்புத் திட்டு, யானை உருவம் இல்லை. கடைசியில் ஒன்றுமே தெரியவில்லை.

பதில் 2
அந்தத் திட்டு காகிதம் உரிந்த இடம். ஹிஞ்சைப் பிய்த்தபோது ஒரு படலம் கூடவே வந்திருக்கும். விளிம்பைப் பாருங்கள்: நீர்க்குறிக் கோடு சீராக ஓடும், உரிந்த இடம் கந்தலாக முடியும். ஆனால் உரிந்ததாலேயே நீர்க்குறி இல்லை என்றாகாது. யானைத்தலை நடுவில் விழாமல், காதோ தும்பிக்கையோ மட்டும் ஓரத்தில் நிற்பதும் உண்டு. ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பி வைத்து இரண்டு முறையாவது பாருங்கள்.

ஒன்றும் தெரியாததில் முத்திரைத் தேதி இருந்தால் சொல்லுங்கள். 1865-க்கு முந்தைய தேதி என்றால் நீர்க்குறியற்றது என்று உறுதி. பிந்தைய தேதி எதையும் நிரூபிக்காது, பழைய இருப்பையும் ஒட்டியிருக்கலாம்.

பதில் 3
ரோஸ் ஒன்றரை அணாவில் நீர்க்குறிதான் வேறுபாடு. ஒரே பெரிய நட்சத்திரம் என்றால் லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சடித்தது. சின்ன நட்சத்திரங்கள் பல, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டவையும் சேர்ந்து தெரிந்தால் 1926 முதல் நாசிக்கில் அச்சானது. சாக்லேட் நிறத்தில் கிடைத்தால் கீழே எழுத்தைப் படியுங்கள்: 1919-இல் வந்ததில் கடைசிச் சொல் 'அணா' என்று ஒருமையில் இருக்கும், 1921-இல் 'அணாஸ்' என்று பன்மையாக மாற்றினார்கள். இது லென்ஸ் இல்லாமலே தெரியும்.

கேட்டவர்
ஒரு ரோஸில் ஒற்றை நட்சத்திரம், இன்னொன்றில் பல! நீர்க்குறி தெரியாத நீலத்தில் தேதி இல்லை. கட்டம் கட்டமான கோடுகளுக்குள் 'பி', அதன் கீழ் 172 மட்டும் இருக்கிறது.

பதில் 2
அதை மறுபடி நனைக்காமல் பத்திரமாக வையுங்கள்! பி 172 சிங்கப்பூர் அஞ்சலகத்தின் எண். 1867 செப்டம்பரில் தனி ஸ்டாம்புகள் வரும்வரை அங்கே இந்திய ஸ்டாம்புகள்தான் ஓடின. நீர்க்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த முத்திரைக்கே தனி மதிப்பு. எண் முழுதும் தெரிகிற மாதிரி இரு பக்கமும் ஸ்கேன் போடுங்கள்.