கல்வெட்டு எழுத்து படத்தில் விழவே மாட்டேன் என்கிறது: சின்ன காம்பாக்ட் கேமராவை வைத்து என்ன செய்யலாம்?

குளத்தூர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படம் எடுத்து வருகிறேன். கையில் இருப்பது மாமா கொடுத்த பழைய காம்பாக்ட் கேமரா. 12 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம், சட்டைப்பையில் அடங்கிவிடும்.

போன வாரம் வயலுக்கு நடுவே பூசை நின்றுபோன ஒரு சிவன் கோயில். கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்துச் சுவரில் ஐந்து வரி இருக்கிறது. உள்ளே நல்ல இருட்டு. விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது, படத்தில்தான் காணோம். ஃபிளாஷ் போட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி சுவர் வெள்ளையாக வருகிறது. ஃபிளாஷை அணைத்தால் கை ஆடிவிடுகிறது, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) தானாக 1600க்குப் போய்விடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கல்லும் எழுத்தும் குழைந்து தெரிகின்றன. போதாததற்கு, புதிதாக வாங்கிய 64 ஜி.பி. கார்டைப் போட்டால் 'கார்டு எரர்' என்கிறது.

இதைக் கொடுத்துவிட்டு வேறு கேமரா வாங்க வேண்டுமா? 10,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. அந்தக் கோயிலின் கூரையில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. அடுத்த மழைக்குச் சுவர் நிற்குமா என்ற கவலையில்தான் கேட்கிறேன்.

ஸ்டுடியோ அண்ணன்
தம்பி, கேமராவைக் கொடுத்துடாதீங்க. அதுல இருக்கிற குறை உண்மையான குறைதான், ஆனா உங்க வேலைக்கு அதைச் சுத்திப் போக வழி இருக்கு.

இந்த அளவு கேமராவில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குற சென்சார் பெரும்பாலும் 1/2.3 அங்குலம்தான் இருக்கும். அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் நாலரை. கல்யாணத்துக்கு நாங்க தூக்கிட்டுப் போற முழு ஃபிரேம் கேமராவில் 36க்கு 24. பரப்பில் 30 மடங்கு வித்தியாசம். அவ்வளவு சின்ன இடத்தில் 12 மெகாபிக்சலை அடைச்சா, வெளிச்சம் குறையும்போது புள்ளி புள்ளியாத்தான் வரும். அந்தப் புள்ளியை அழிக்கிறேன்னு கேமரா உள்ளேயே படத்தைத் தேய்ச்சுடும். உங்க எழுத்து காணாமப் போனது அங்கேதான். ஐ.எஸ்.ஓ.வை 80 அல்லது 100ல நிறுத்திட்டா தேய்ப்பு ரொம்பக் குறைஞ்சிடும்.

ஐ.எஸ்.ஓ.வைக் குறைச்சா ஷட்டர் ஒரு விநாடி, ரெண்டு விநாடின்னு திறந்திருக்கணும். கையில பிடிக்க முடியாது. கேமராவுக்கு அடியில திருகு ஓட்டை இருக்கா பாருங்க. சின்ன ஸ்டாண்டு போதும், கேமரா கால் கிலோகூட இருக்காது. மெனுவில் நீண்ட ஷட்டர் இருக்கும், சில கேமராவில் சீன் மோடுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். 2 விநாடி டைமரைப் போட்டுட்டுப் பட்டனை அமுக்கிக் கையை எடுத்துடுங்க. ஸ்டாண்டில் வைக்கும்போது நடுக்கம் தடுக்கிற வசதியை அணைச்சிடணும்.

கார்டு விஷயம்: பழைய கேமராக்கள் எஸ்.டி.எச்.சி.ங்கிற கார்டு வகை வரைக்கும்தான் படிக்கும், அதோட எல்லை 32 ஜி.பி. 16 ஜி.பி. ஒண்ணு வாங்கிப் போடுங்க, சரியாயிடும்.

மணப்பாறை வாசகர்
எழுத்து மேலே சாக்பீஸ் பொடியைத் தடவிட்டு எடுத்தா பளிச்சுன்னு வரும். எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான் எடுக்கிறாங்க.

மைப்படி ஐயா
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொடி கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும், துடைக்கத் துடைக்கப் பொறிப்பின் ஓரம் தேயும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பொடி தடவுகிறவர் தமக்குத் தெரிந்த எழுத்தைத்தான் தடவுவார். பின்னால் படிப்பவர்கள் கல்லைப் படிக்க மாட்டார்கள், அவர் கையைத்தான் படிப்பார்கள்.

குளத்தூர்த் தம்பி, எழுத்தின் பள்ளம் பல இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். நிறத்தால் அது தெரியாது, நிழலால்தான் தெரியும். காம்பாக்ட் கேமராவின் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் வெளிச்சம் நேராகப் போய்ப் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதை அடியோடு அணைத்துவிடுங்கள்.

ஒரு டார்ச்சை எடுத்துச் சுவரை ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். சுவருக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து பாகை இருந்தால் போதும். மிகக் கிட்டே பிடித்தால் ஒரு பக்கம் வெந்துபோய் மறுபக்கம் இருண்டுவிடும், மூன்றடி தள்ளி நில்லுங்கள். கேமராவை அசைக்காமல் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என நான்கு படம் எடுங்கள். இடவலமாக அடித்தால் நெடுக்குக் கோடுகள் எழும், கிடைக்கோடுகள் மறையும். மேலிருந்து அடித்தால் அது மாறிவிடும். ஒரே படத்தை நம்பிப் படித்துப் பிழை செய்தவர்களில் நானும் ஒருவன்.

வெளியே நடுகல் எடுக்கும்போது உச்சி வெயிலில் போகாதீர்கள். காலை வெயில் விழாத பக்கமாக இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சாய்வாக விழச் செய்யலாம். டார்ச்சைவிட அது தெளிவு.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாக இருந்தால் ஸ்டாண்டு வைக்க முன்அனுமதி வாங்க வேண்டும். மற்ற இடங்களிலும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குளத்தூர்க்காரன்
ஐயா, அண்ணா, மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். ஜூமை இழுத்து எடுப்பதா, கிட்டே போய் எடுப்பதா? கிட்டே போனால் வரிகள் வளைந்து தெரிகின்றன.

ஸ்டுடியோ அண்ணன்
ஜூமே இல்லாம விரிச்சு எடுத்தா ஓரம் பீப்பாய் மாதிரி பிதுங்கும். அதனாலதான் வளையுது. ஒரு ரெண்டு மடங்கு ஜூம் வெச்சு, கொஞ்சம் பின்னாடி தள்ளி, சுவருக்கு நேர் எதிரே வையுங்க. முழுசா இழுத்தா லென்ஸின் வாய் சுருங்கும். அந்த வாயோட அளவைச் சொல்ற எஃப் எண் 2.8ல இருந்து 5.6 வந்தாலே வெளிச்சம் நாலில் ஒண்ணாயிடும். ஸ்டாண்டு இருக்கிறதால அது பெரிய கவலை இல்லை, ஷட்டர் அவ்வளவு நேரம் கூடத் திறந்திருக்கும். உயரத்தில் இருக்கிற வரிக்கு ஜூம் நல்லாவே உதவும். டிஜிட்டல் ஜூமை மட்டும் தொடாதீங்க, அது படத்தை வெட்டிப் பெருசாக்குறதுதான்.

ஒரே ஒரு எழுத்து சந்தேகமா இருந்தா மேக்ரோவில் போட்டு, ஜூமைக் குறைச்சு, அஞ்சு சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். பெரிய கேமராவில் இதுக்குன்னு தனி லென்ஸ் வாங்கணும். இந்தச் சின்ன கேமராவை நான் இன்னும் வெச்சிருக்கிறதே அதுக்காகத்தான்.

ஸ்டாண்டே வைக்க முடியாத இடம்னா இது தோத்துதான் போகும், அதை மறைக்க மாட்டேன். பிற்பாடு காசு சேர்ந்தா ஒரு அங்குல சென்சார் உள்ள காம்பாக்டைத் தேடுங்க. 2012ல வந்த சோனி ஆர்எக்ஸ்100ல இருந்து அந்த வகை பரவுச்சு. பேர்தான் ஒரு அங்குலம், அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். ஆனாலும் உங்களுதைவிட நாலு மடங்கு. அதுவரைக்கும் தூசிதான் எதிரி. வவ்வால் எச்சமும் மணலும் கொட்டுற இடத்தில் லென்ஸ் நீட்டிய நிலையில் கேமராவைக் கீழே வெச்சுடாதீங்க.

குளத்தூர்க்காரன்
நேற்று போய்வந்தேன். சின்ன ஸ்டாண்டைச் செங்கல் மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 80, ஷட்டர் 2 விநாடி, நான்கு பக்கமும் டார்ச். தங்கச்சிதான் டார்ச் பிடித்தாள்.

முதல் வரியில் 'ஸ்வஸ்திஸ்ரீ கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு' என்பது வரை தடவியே படித்திருந்தேன். பரகேசரி என்பது சோழ அரசர் பட்டம், அடுத்து வருவது ஆட்சியாண்டு. அதற்குப் பிறகு ௩ மட்டும்தான் தெரியும், மூன்றாம் ஆண்டு என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். இடது வெளிச்சப் படத்திலும் அப்படியேதான் இருக்கிறது. கீழிருந்து அடித்த படத்தில் ௩க்கு முன்னால் இன்னொரு குறி எழுந்து நிற்கிறது. எனக்கு அது பத்தைக் குறிக்கும் ௰ மாதிரி படுகிறது. அப்படியானால் பதின்மூன்றாம் ஆண்டு. பத்து வருடத்தைத் தவறவிட்டிருப்பேன். படம் நான்கையும் இணைத்திருக்கிறேன், பாருங்கள் ஐயா.

மைப்படி ஐயா
பார்த்தேன். ௰ என்றே எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அதன் வால் பக்கம் கல் பொரிந்திருக்கிறது. ௰ யகரத்தைப் போலவே இருக்கும் என்பதால், அதே வரியில் 'யாண்டு' என்பதன் யகரத்தையும் இந்தக் குறியையும் மேக்ரோவில் தனித்தனியே எடுங்கள், வடிவம் எங்கே வேறுபடுகிறது என்று ஒப்பிட்டுவிடலாம். பக்கத்தில் 15 செ.மீ. அளவுகோல் ஒன்றை வைத்து எடுங்கள். கேமராவின் தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டுகிறது, பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்திருப்பீர்கள். அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். மழைக்கு முன் மைப்படி (கல்லில் ஈரத் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி) எடுக்க நானும் வருகிறேன், கிழமையைச் சொல்லுங்கள்.