சிங்கப்பூர் ஆத்துல போட் ரைடு, புள்ளைங்களோட போலாமா?

கீழக்கரை_உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். மே லீவுல திருச்சி வழியா சிங்கப்பூர் போறோம், நான், வீட்டுக்காரர், மாமி, ரெண்டு புள்ளைங்க (பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 4). கிளார்க் கீ-ல ஏறி அந்த ஆத்து போட்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்கன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. இவரு என்னடான்னா வாசல்ல கடலை வச்சுக்கிட்டு அங்க போய் ஆத்துத் தண்ணிக்கு டாலர் குடுக்கணுமாங்குறார். எனக்கு யோசனையே சின்னவளப் பத்தித்தான், காரங்காட்டுல வனத்துறை போட்ல ஏத்துனப்ப லைஃப் ஜாக்கெட் மாட்டுனதுலேருந்து எறங்குற வரைக்கும் அந்த வாரை புடிச்சு இழுத்து இழுத்து ஒரே அழுகை, அலையாத்தி மரத்தை நாங்க எங்க பாத்தோம். மாமிக்கு வேற பஸ்ல ஏறுனாலே தலை சுத்தும். பகல்ல போறதா ராத்திரியா, எவ்ளோ நேரம் ஆகும், போனவங்க சொல்லுங்களேன்.

மண்டபத்தான்:
வ அலைக்கும் சலாம் லாத்தா. இங்கதான் வேலை பாக்குறேன், ஊர்லேருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போற வேலை நம்ம தலையிலதான் விழும். மாமிக்கு ஒண்ணும் ஆகாது, 2008ல மெரினா பேரேஜ்னு ஒரு அணை கட்டி கடலை வெளிய நிறுத்திட்டாங்க, உள்ள இருக்கறது நல்ல தண்ணி, அலையே கெடையாது, நம்ம ஊரணி மாதிரி கெடக்கும். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு உக்கார வேண்டியதில்ல, அதனால சின்னவ பிரச்சினையும் முடிஞ்சுது. மொத்தமே 40 நிமிஷம், புள்ளைங்க நச்சரிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள கரைக்கு வந்துடும். கிளார்க் கீ, போட் கீ, பழைய பாலமெல்லாம் தாண்டி மெரினா பே-க்குள்ள போய் மெர்லயன் (சிங்கத் தலையும் மீன் உடம்புமா இருக்கற சிலை) முன்னாடி திரும்பும், அந்தச் சிங்கம் 8.6 மீட்டர் உசரம், தண்ணியிலேருந்து பாத்தாத்தான் அது வாயிலேருந்து கொட்டற தண்ணி நேரா நம்ம பக்கம் வரும். பின்பக்கம் கூரை இல்லாத சீட்டு இருக்கும், அதைப் புடிங்க, உள்ள உக்காந்தா கண்ணாடிதான் பாக்கலாம். மத்தியானம் வேண்டவே வேண்டாம், வெயிலு, இல்லன்னா இடியோட மழை. இங்க ஏழு மணிக்கு மேலதான் இருட்டும், ஆறரைக்கு ஏறுனீங்கன்னா போறப்ப வெளிச்சம், வர்றப்ப லைட்டு, ரெண்டும் ஒரே டிக்கெட்ல.

ஈசிஆர்_பயணி:
நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. போட்ல பாக்கற முக்காவாசிய கரையில நடந்தே ஓசியில பாக்கலாம். ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம் ஆத்துல குதிக்கற பசங்க சிலை அஞ்சு இருக்கு, எங்க பையன் அதுல ஒருத்தன் மாதிரி கைய விரிச்சு நின்னு நகரவே மாட்டேன்னுட்டான். பக்கத்துலயே குட்டிப் பூனை சிலைங்க, கெவனா பாலத்துல (1869ல கட்டுனது) மாடு குதிரைய ஓட்டிட்டு வராதேன்னு பழைய போர்டு. போட்டுதான் வேணும்னா சாங்கி போய் புலாவ் ஊபின் தீவுக்கு ஏறுங்க, பன்னெண்டு பேர் சேந்ததும் எடுத்துடுவான், பத்து நிமிஷம்தான், ஆனா அது நெசமான கடல். கிளார்க் கீ டிக்கெட்டோட பாத்தா காசும் ரொம்பக் கம்மி.

மண்டபத்தான்:
@ஈசிஆர்_பயணி அண்ணே, நாலு வயசுப் புள்ளையையும் வயசான மாமியையும் வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் நடக்கச் சொல்றீங்க பாருங்க. ஊபின் நல்லாத்தான் இருக்கும், ஆனா தலை சுத்தறவங்களுக்கா?

தொண்டி_கடற்கரை:
லாத்தா, மச்சான்கிட்ட இதைச் சொல்லுங்க. அந்த ஆத்துல ஆரம்பத்துல தோணி ஓட்டுனதே பெரும்பாலும் நம்ம சோழமண்டலக் கரை ஆளுங்கதான், சூலியான்னு சொல்லுவாங்க. கப்பல் வெளிய நிக்கும், சரக்கை எறக்கி ஆத்துக்குள்ள கிட்டங்கி வரைக்கும் கொண்டு போறது இவங்க வேலை, 1860கள் வாக்குலதான் அது சீனங்க கைக்கு மாறுச்சு. அப்புறம் ஆறு சாக்கடையா நாறிப்போய் 1977லேருந்து பத்து வருஷம் சுத்தம் பண்ணாங்க, நடுவுல 1983ல சரக்குத் தோணியெல்லாம் மொத்தமா பாசிர் பாஞ்சாங்குக்குப் போயிடுச்சு. இப்ப உங்களை ஏத்தற பம்போட்டு அந்தத் தோணி சாயல்லதான் இருக்கும். பெரியவனை மட்டும் முன்பக்கம் பாக்கச் சொல்லுங்க, படகுக்குக் கண்ணு வரைஞ்சிருப்பாங்க, எந்தப் படகுக்கு இருக்கு எதுக்கு இல்லன்னு எண்ண விட்டாலே அவன் பொழுது போயிடும். கரையில செட்டியார் சிலை ஒண்ணும் இருக்கு, நம்ம பக்கத்து ஜில்லாக்காரவுக வட்டிக்கடை வச்சிருந்த ஏரியா அது.

கீழக்கரை_உம்மா:
எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ். தோணி சங்கதிய வாசிச்சுக் காட்டுனேன், இவரு ஒண்ணும் பேசல, பேசலன்னா சரின்னுதான் அர்த்தம் 😀 ஆனா ஆறரைக்கு ஏறுனா மஃரிபு (அந்தித் தொழுகை) நேரம் படகுலயே வந்துடுமே, மாமி ஒத்துக்கவே மாட்டாங்க.

மண்டபத்தான்:
மஃரிபு மே மாசம் ஏழு மணிக்கு மேலதான், ராத்திரித் தொழுகை இஷாவுக்கு எட்டே கால் ஆயிடும். ஏழு பத்துக்கு எறங்குனாலும் கிளார்க் கீ ரயில் ஸ்டேஷன் பக்கம் நடக்கற தூரத்துல ஒமர் கம்போங் மலாக்கா பள்ளிவாசல் இருக்கு, 1820லேருந்து இருக்கற பள்ளி, சிங்கப்பூர்லயே அதான் பழசு, தாராளமா தொழுதுடலாம். அப்புறம் ஒரே ஒரு ஸ்டேஷன் தாண்டி சைனாடவுன்ல மஸ்ஜித் சூலியா, மாரியம்மன் கோயில் இருக்கற அதே ரோடு, மறுநாள் பகல்ல போங்க. ரூம் லிட்டில் இந்தியாவுலன்னா ஊதா லைன்ல ரெண்டாவது ஸ்டேஷன்தான் கிளார்க் கீ, டாக்ஸியே வேண்டாம். ரயில்ல மட்டும் சின்னவ கையில பிஸ்கட் குடுத்துடாதீங்க, தண்ணி கூட குடிக்கக் கூடாது, ஃபைன் 500 டாலர் வரைக்கும் போகும். ஏறுறதுக்கு முன்னாடியே ஊட்டி முடிச்சிடுங்க.