வாழைக்காய்க்கு எந்தச் சேம்பர்? குளிர் அறையும் பழுக்க வைக்கும் அறையும் ஒன்றுதானா?

களக்காட்டு ஏத்தன் (கேள்வி)

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். களக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் வாழை இருக்கிறது. பெரும்பகுதி ஏத்தன் (நேந்திரன்), வரப்போரமாகக் கொஞ்சம் ரசகதலியும் மோரிசும் நிற்கின்றன. தார் வெட்டும் நாளில் வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை மாற வேண்டும் என்று, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஒரு சேம்பர் போடலாம் என நானும் அப்பாவும் யோசித்து வருகிறோம். இதைக் கொத்தனாரிடம் சொன்னபோது, கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் தொட்டியைச் சொல்கிறோம் என்று நினைத்து எத்தனை அடி ஆழம் என்று கேட்டார்; சூளைக்காரர், சேம்பர் கல் எத்தனை லோடு வேண்டும் என்று கேட்டார். சிரிப்புக்குரிய செய்திதான் என்றாலும், நாங்களும் அந்தச் சொல்லைத் தெளிவில்லாமல்தான் பயன்படுத்தி வருகிறோம் என்பது பிறகு புரிந்தது.

எங்களுக்கு இரண்டு தேவைகள் உள்ளன. ஓணத்துக்கு முன்னால் வெட்டும் ஏத்தன் தாரைப் பச்சையாகவே பத்துப் பதினைந்து நாட்கள் வைத்திருந்து, கேரளத்து வியாபாரிகள் வரும்போது கொடுக்க வேண்டும். மற்ற மாதங்களில் பழமாக்கி, நயினார்குளம் சந்தைக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே அறை இரண்டுக்கும் போதுமா? சென்ற ஆண்டு, வற்றலும் புளியும் இருப்பு வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 6 டிகிரியில் ஒரு வாரம் காயை வைத்துப் பார்த்தோம். வெளியே எடுத்தபோது பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் பழுக்கும்போது தோல் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கருத்ததே தவிர மஞ்சள் வரவில்லை. கிடங்குக்காரர் காய் முற்றவில்லை என்கிறார். காய் நன்றாக முற்றியே இருந்தது. எங்கே தவறு நடந்தது? எரிவாயு விட்டுப் பழுக்க வைத்தால் வெடிக்கும் ஆபத்து உண்டா என்பதையும் சொல்லுங்கள். அம்மாவுக்கு அந்தப் பயம் இருக்கிறது.

சேரன்மகாதேவி பழக்கடை

தம்பி, முதலில் அந்தக் கருத்த காயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிடங்குக்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கு வாழை தெரியவில்லை. வாழை வெப்ப மண்டலத்துப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் இருந்தாலே அதன் தோலின் திசுக்கள் கெடத் தொடங்கும். அந்தக் கேடு குளிரில் இருக்கும்வரை வெளியே அவ்வளவாகத் தெரியாது. சூட்டுக்கு வந்து பழுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் கெட்டுப்போன காய் ஒன்றின் தோலை நகத்தால் மெல்லச் சீவிப் பாருங்கள்: தோலுக்குள் ஓடும் நரம்புகள் பழுப்புக் கோடுகளாகத் தெரியும், கீறினால் பாலும் சரியாக வடியாது. வற்றலுக்கும் புளிக்கும் 6 டிகிரி பொருந்தும். வாழைக்காயைப் பச்சையாக நிறுத்தி வைக்க 13 முதல் 14 டிகிரிதான் வேண்டும். அந்த நிலையில் நல்ல காய் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். குளிர் அறையும் பழுக்க வைக்கும் அறையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். அதே பஃப் பேனல் (சூடு புகாத நுரைப் பலகை) சுவர், அதே குளிர் இயந்திரம், அதே கனத்த கதவு. வேலை மட்டும் நேர் எதிரானது. வெட்டிய தாரும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிஜனை வாங்கிக் கரியமில வாயுவையும் சூட்டையும் வெளியிடுகிறது. குளிர் அறை அந்த மூச்சை அடக்குகிறது. பழுக்க வைக்கும் அறை எத்திலீன் வாயுவைக் கொண்டு அந்த மூச்சைத் தூண்டிவிடுகிறது. எத்திலீன் ஏதோ வெளியிலிருந்து வந்த இரசாயனம் என்று நினைக்க வேண்டாம். பழுக்கும் பழம் தானாகவே அதை வெளியிடுகிறது என்பது 1934ஆம் ஆண்டிலேயே ஆப்பிளைக் கொண்டு நிறுவப்பட்டது. ஆகையால் ஓணத்துக்கு வைத்திருக்கும் பச்சைக்காயின் பக்கத்தில் பழுக்கும் தார் இருந்தால், கதவிடுக்கில் கசியும் சிறிதளவு வாயுவே பச்சைக்காயையும் கிளப்பிவிடும். இரண்டு வேலையையும் ஒரே அறையில் ஒரே காலத்தில் செய்ய இயலாது. மாதம் பார்த்து மாற்றிச் செய்யலாம். அப்படியானாலும் பழம் வெளியேறியபின் அறையை நன்றாகக் காற்றாட விட்டுக் கழுவிய பிறகே பச்சைக்காயை ஏற்ற வேண்டும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்து, படிகாரம் கரைத்த நீரில் பால் போகக் கழுவி, ஈரம் வடியவிட்டு, துளையுள்ள கிரேட்டுகளில் அடுக்குகிறேன். முதல் நாள் வாயு விடுவதில்லை. காயின் சூடு 18 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருக்கிறேன். பிறகு அறையைப் பூட்டி, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவில் எத்திலீனை 24 மணி நேரம் வைத்திருக்கிறேன். அப்போது ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம் வரை இருக்க வேண்டும்; குறைந்தால் தோல் சுருங்கி எடையும் போய்விடும். 24 மணி நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். அதற்குப்பின் எத்திலீன் தேவையில்லை, பழமே தனக்கு வேண்டியதைச் சுரந்துகொள்ளும். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் 16, 17 டிகிரியில் வைத்து, நிறம் ஏறத் தொடங்கியதும் ஈரப்பதத்தை 85க்கு இறக்கிவிடுகிறேன். அப்படி இறக்காவிட்டால் காம்பு இளகிச் சீப்பிலிருந்து பழம் உதிரும். ரசகதலிக்கு அந்தக் குணம் இயல்பிலேயே உண்டு என்பதால் அதில் இரட்டைக் கவனம் தேவை.

இத்தனை சிரமம் எதற்கு, வெயிலில் தானாகப் பழுக்காதா என்று எங்கள் கடைக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. பழுக்கும், ஆனால் மோரிசை எடுத்துக்கொள்ளுங்கள். 24, 25 டிகிரிக்கு மேல் பழுத்தால் உள்ளே சதை கனிந்துவிடும், தோலின் பச்சையம் மட்டும் அழியாமல் நின்றுவிடும். நம் ஊரில் அதைப் பச்சைப்பழம் என்று அழைப்பது வெறும் பெயரன்று, நம் வெயில் அந்தப் பழத்துக்குச் செய்ததைத்தான் சொல்கிறோம். மஞ்சள் நிறத்துக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வேண்டுமானால் குளிர்ந்த அறையில்தான் பழுக்க வைக்க வேண்டும்.

குளிர் இயந்திரப் பணியாளர், பாளை

மேலே அண்ணாச்சி சொன்னதோடு இயந்திரத்தின் பக்கத்தைச் சேர்க்கிறேன். பலரும் தவறும் இடம் குளிரூட்டும் திறன்தான். 5 டன் காயை ஏற்றுகிறீர்கள், வயலிலிருந்து வரும்போது அதன் சூடு 32 டிகிரி என்று வையுங்கள். அதை 16 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 2,80,000 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 24 மணி நேரத்தில் இறக்கப் பார்த்தால் அதற்கு மட்டும் ஒரு டன் குளிர்த்திறனுக்குச் (எடை டன் அன்று, ஏ.சி.க்குச் சொல்லும் டன்) சற்றுக் குறைவாக வேண்டும். 12 மணி நேரத்தில் வேண்டுமென்றால் இரண்டு டன் பக்கம் வந்துவிடும். சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் வரும் சூடு தனி. வாயு விட்டபின் காயின் மூச்சு பல மடங்கு ஏறி அது வெளியிடும் சூடு அதற்கும் மேல். வீட்டு ஏ.சி. ஒன்றை மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் இரண்டு நாட்கள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் காய் கொதிக்கத் தொடங்கியதும் கைவிட்டுவிடும். விசிறிக் காற்று கிரேட்டுகளின் இடையே புகுந்து போக வேண்டும், மேலே வந்து திரும்பிப் போகக் கூடாது. அடுக்கும்போது சுவரிலிருந்து அரையடி விடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு இப்படிக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். எத்திலீன் எரியும் வாயுதான். காற்றில் 2.7 சதவீதம் சேர்ந்தால்தான் அது தீப்பற்றும் எல்லைக்கு வரும். நாம் பயன்படுத்துவது 0.01 சதவீதம், அந்த எல்லையில் 270இல் ஒரு பங்கு. 12 அடிக்கு 10 அடி, 10 அடி உயரம் என்ற அறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். அதற்கு வேண்டிய எத்திலீன் 3.4 லிட்டர், எடையில் நான்கு கிராம் அளவுதான். அறைக்குள் இருக்கும் வாயுவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது உருளைக்கு. உருளை வைப்பதானால் அறைக்கு வெளியே, நிழலில், சங்கிலியிட்டு நிறுத்தி, அழுத்தக் குறைப்பியும் அளவுமானியும் பொருத்தித்தான் விட வேண்டும். கண் மதிப்பில் திறந்துவிடக் கூடாது. உருளை வேண்டாமென்றால் எரிசாராயத்தைச் சூடான வினையூக்கியில் செலுத்தி எத்திலீனாக்கும் சிறிய கருவி கிடைக்கிறது.

உண்மையில் நான் அஞ்சுவது கரியமில வாயுவைத்தான். பூட்டிய அறையில் பழம் விடும் மூச்சு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீனின் வேலையே மட்டுப்பட்டுப் பழுப்பது தாமதமாகும். அளவு மேலும் ஏறினால் உள்ளே போகும் ஆளுக்கும் தலைவலி, மூச்சுத் திணறல் வரும். வெளியேற்றும் விசிறி கட்டாயம் வேண்டும். வாயு விட்ட மறுநாள் கதவைத் திறந்து அரைமணி நேரம் காற்றாடவிட்டபின் உள்ளே போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

மேலப்பாளையம் தாத்தா

நீங்கள் சொல்லும் அறிவியலைக் கேட்கும்போது எங்கள் அப்பா போட்ட மூட்டம் நினைவுக்கு வருகிறது. காற்றுப் புகாத சிறிய அறையில் தாரை அடுக்கி, ஓட்டைப் பானையில் தேங்காய் மட்டையும் சருகும் போட்டுக் கங்கு வைத்து, புகை உள்ளே நிறையும்வரை ஊதிவிட்டு, கதவு இடுக்கைச் சாணியும் களிமண்ணும் கொண்டு பூசிவிடுவார். மறுநாள் மாலை திறந்து தாரை வெளியே எடுத்துத் தொங்கவிட்டால் அடுத்த நாள் நிறம் வரும். அந்தப் புகையில் எத்திலீன் கொஞ்சம் இருந்தது என்பதை இப்போது பேரன் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாங்காயை வைக்கோலில் மூடியதும், சீப்பைக் குதிருக்குள் நெல்லில் புதைத்ததும் அந்தப் பழத்தின் சொந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும் உபாயந்தான். ஆனால் குறையும் சொல்லிவிட வேண்டும். மூட்டத்தில் பானைக்கு அருகில் உள்ள தார் வெந்துபோகும், மூலையில் உள்ளது பச்சையாக நிற்கும். புகை நிறைந்த அறைக்குள் ஆள் நுழைவதும் உயிருக்கு ஆபத்து. வீட்டுக்கு இரண்டு தார் என்றால் அது போதும், 5 டன்னுக்கு ஆகாது.

தென்காசி வேளாண் பட்டதாரி

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். கார்பைடு கல்லைக் கொண்டு பழுக்க வைப்பது 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஈரம் பட்டால் வெளிவருவது அசிட்டிலீன். அதோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சுவடுகளும் கலந்து வரலாம். எத்திலீன் வாயுவுக்கு, பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை, அனுமதி உண்டு. எத்திலீனை வெளியிடும் எத்திபான் என்ற மருந்துத் தூளைச் சிறு பையில் வைத்து, பழத்தில் படாமல் வாயு மட்டும் வெளிவரும்படி பயன்படுத்தலாம். எத்திபான் கரைசலில் காயை முக்கி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது அனுமதிக்கப்பட்ட முறையன்று.

பண உதவி என்றால், ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தில் பழுக்க வைக்கும் அறைக்குச் சமவெளிப் பகுதியில் 35 சதவீத மானியம் உண்டு; வங்கிக் கடனோடு இணைந்தது, கட்டி முடித்த பிறகே கணக்கில் சேரும். 2020இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை ஏழு ஆண்டுகள் வரை கிடைக்கும். அடித்தளம் தோண்டுவதற்கு முன்னால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பேசிவிடுங்கள். கட்டியபின் போனால் பயன் இல்லை. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

களக்காட்டு ஏத்தன்

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் நான்கு கிராம் கணக்கைச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். ஒரு பெரிய அறைக்குப் பதிலாக, கதவுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி 5 டன் அறைகள் இரண்டு போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதி: ஏத்தனையும் ரசகதலியையும் ஒரே தடவையில் பழுக்க வைக்கலாமா? புளியங்குடியிலிருந்து மாமா அனுப்பும் எலுமிச்சையையும் காலியாக உள்ள அறையில் வைக்கலாமா?

சேரன்மகாதேவி பழக்கடை

ஏத்தனின் தோல் கனமானது, மெதுவாகப் பழுக்கும், ரசகதலி முந்திக்கொள்ளும். ஒன்று நிறம் ஏறும்போது மற்றது குழைந்துவிடும். ஆகவே ஓர் ஏற்றத்துக்கு ஒரே ரகம், முடிந்தால் ஒரே வாரத்தில் வெட்டிய காயாக இருக்கட்டும்.

எலுமிச்சை வாழையைப் போன்றதன்று. பறித்தபின் எத்திலீன் அதைப் பழுக்க வைக்காது, தோலின் பச்சையை மட்டும் வெளுக்கச் செய்து காம்பை உதிரவிட்டு அழுகலுக்கு வழி செய்யும். அதற்கு உகந்த குளிர் 10 டிகிரி பக்கம், அது வாழைக்கு ஆகாது. ஓணம் முடிந்து பச்சைக்காய் அறை காலியாக இருக்கும் மாதங்களில், அறையைக் கழுவிக் காற்றாடவிட்டு, எலுமிச்சையை மட்டும் தனியாக வைக்கலாம். இன்னொன்று: வெப்பமானியைச் சுவரில் மாட்டி அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நடு அடுக்கில் உள்ள ஒரு காயின் சதைக்குள் ஊசி முனை நுழையும்படி ஒரு வெப்பமானியைக் குத்தி வையுங்கள். என் அறையில் காற்று 16 காட்டும்போது காய் 19இல் நின்ற நாட்கள் உண்டு.